அடுத்த மொடல் அண்ணை

லண்டன் தமிழரில் ஓர் இனம் உண்டு. மெலிந்தும் இருப்பார்கள், தடித்தும் இருப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்திருப்பார்கள், மதுரையிலிருந்தும் வந்திருப்பார்கள். உருவத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கடைக்குள் வைத்துத்தான் கண்டுபிடிக்கலாம். நீங்களும் நானும் கடைக்குப் போனால் சாமானை எடுப்போம், காசைக் கொடுப்போம், வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிப்போம். இவர்கள் சாமானைக் கையில் எடுப்பார்கள், திருப்புவார்கள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசிப்பார்கள், பக்கத்தில் நிற்கும் விற்பனைப் பெடியன் ஏனடா இந்த வேலைக்கு வந்தோம் என்று நோகுமளவுக்குக் கேள்வி கேட்பார்கள், எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, சாமானை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சிரித்தபடி வெளியே வருவார்கள். ஏன் சிரிப்பு? அடுத்த மொடல் வரப்போகிறது. அது அவர்களுக்கு மட்டும் தெரியும்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் அடுத்த மொடல் அண்ணை.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சன் எவ்வளவோ மேல். 'வாங்கமாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். வீட்டில் உள்ளவர்கள் ஒருநாள் அழுதுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். அண்ணை அப்படியா? அவர் வாங்குவதென்று எப்போதோ முடிவெடுத்துவிட்டார். திறமானதாக வாங்கவேண்டும், சரியான நேரத்தில் வாங்கவேண்டும், அவ்வளவுதான். அதனால் அந்த வீட்டில் யாருக்கும் அழவும் வழியில்லை, ஆசையை மறக்கவும் வழியில்லை.

உதாரணத்துக்கு, ரெய்னர்ஸ் லேனில் என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கும் சிவானந்தன் அண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் கொம்பனியில் கன்ட்ரோலர் வேலை. ஒரு பஸ் கொஞ்சம் பிந்தினாலே டிரைவரை ரேடியோவில் கூப்பிட்டுக் கிழித்துவிடுவார். வேலை முடிந்து வந்தால் சோபா. சோபாவில் இருந்தால் கையில் போன். போனில் ஏதாவதொரு சாமானைப் பிரித்து மேய்கிற வீடியோ. மனைவி ராகுகாலம் பார்த்து வீட்டை விட்டு வெளிக்கிட்டால் அண்ணைக்குச் சிரிப்புத் தாங்காது. "இந்தக் காலத்திலயும் இப்பிடி ஒரு மனிசியோ!" என்று எங்களைச் சாட்சிக்கு இழுப்பார். அவருக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டென்பதை அந்த மனிசி ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஜனவரியில் அமெரிக்காக் கண்காட்சி, அதற்குமுன் வாங்குபவன் மடையன். வசந்தத்தில் புது சிப் பற்றிய வதந்தி, அது தெளியுமுன் வாங்குபவன் பெரிய மடையன். ஜூனில் தைவான் கண்காட்சி. நவம்பரில் கறுப்பு வெள்ளி மலிவு விற்பனை. மார்கழியில், கிறிஸ்மசுக்கு மறுநாள், பொக்சிங் டே மலிவு. பொக்சிங் டே முடிந்தால் ஜனவரி வந்துவிடுமே! ஆக, வருசத்தில் சாமான் வாங்க நல்ல நாள் என்று ஒன்று அந்தப் பஞ்சாங்கத்தில் கிடையாது. ராகுகாலமென்றால் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

நம் சனத்திடம் ஒரு பழக்கம். கடைக்காரனை நம்பமாட்டோம், 'விசயம் தெரிஞ்ச ஆளை'த்தான் கேட்போம். விசயம் தெரிந்த ஆள் யார்? இதுவரை ஒன்றும் வாங்காத ஆள். வாங்கியவனுக்கு வாங்கிய ஒரு சாமானைப் பற்றித்தானே தெரியும்? வாங்காதவனுக்கு உலகத்துச் சாமான் முழுவதும் தெரியும். ஆகவே ஆர்ச்வே முருகன் கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றாலும் அண்ணையைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். போன வருசம் ஜெரோசன் என்ற பெடியன் வந்து மாட்டுப்பட்டான்.

"அண்ணை, லாப்டொப் ஒண்டு வாங்கப்போறன்."

"ஆர் வாங்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பழசு செத்துப்போச்சு."

"செத்தா என்ன, ரெண்டு மாதம் சமாளிக்க ஏலாதே? புதுச் சிப் வருது. இப்ப வாங்கினியெண்டால் பிறகு தலையில கைவச்சுக்கொண்டு இருப்பாய்."

ஜெரோசன் இன்றைக்கும் சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறான். வேலைக்கு விண்ணப்பம் போடுவதெல்லாம் போனில், பெருவிரலால்.

இதுவரை சிரித்தீர்கள்தானே? நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். போன வசந்தத்தில் அண்ணையின் மகள் கம்சிகா அந்தச் சோபாவில் வந்து உட்காரும்வரை.

கம்சிகா அவருக்கு ஒரே பிள்ளை. சின்ன வயதில் சனிக்கிழமை என்றால் தகப்பனும் மகளும் டிவியில் கேம் போட்டுக் கார் ஓட்டுவார்கள். இவர் வேண்டுமென்றே மதிலில் மோதுவார், அவள் கூரை பறக்கச் சிரிப்பாள், என் வீடுவரை கேட்கும். பிறகு அவளுக்குப் பதின்மூன்று வயதானது. அறைக் கதவு சாத்திக்கொண்டது. ஐந்து வருசமாகத் தகப்பனுக்கு அந்தக் கதவுக்குள்ளிருந்து கிடைத்தது 'ம்', 'ஓகே', 'ஃபைன்'. பதின்ம வயதுப் பிள்ளை வளர்த்த யாருக்கும் நான் விளக்கவேண்டியதில்லை. அந்தப் பிள்ளை தானாக இறங்கிவந்து, பக்கத்தில் இருந்து, வாயைத் திறந்து கேட்டது.

"அப்பா, எக்ஸாம் முடிய எனக்கு லோங் சமர் ஹொலிடே ஒண்டு இருக்கு. செப்டெம்பரில யூனிக்குப் போயிடுவன். ஒரு கேம் இருக்கு, தனிய விளையாட ஏலாது, ரெண்டு பேர் சேர்ந்துதான் விளையாடலாம். நாங்கள் ரெண்டு பேரும் முடிப்பமோ?"

அதற்கு வேண்டியது ஒரு ஹான்ட்ஹெல்ட். புத்தகமளவில் ஒரு கேமிங் கணினி. நடுவில் திரை, இரு பக்கமும் பிடி. மடியில் வைத்தும் விளையாடலாம், டிவியில் கொழுவி இருவராகவும் விளையாடலாம். கடையில் குவிந்து கிடக்கிறது. வேறொரு தகப்பனென்றால் என்ன செய்திருப்பான்? ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் செருப்புமாகக் கடைக்கு ஓடியிருப்பான்.

அண்ணை அடுத்தநாள் பஸ் ஸ்டொப்பில் என்னிடம் விசயத்தைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டேன். அந்தச் சந்தோசத்தில் அந்த மனிசன் எடுத்த முடிவைக் கேளுங்கள்.

"பிள்ளை வாய்விட்டுக் கேட்டிட்டுது. கண்டதையும் வாங்கிக் குடுக்க ஏலுமே? திறமானதாப் பாத்து வாங்கவேணும்."

முடிந்தது கதை! பாசம் வந்தால் சிலர் கட்டிப்பிடிப்பார்கள், சிலர் கொத்து ரொட்டி வாங்கி வருவார்கள். அண்ணைக்குப் பாசம் வந்தால் வீடியோ பார்ப்பார்.

மே மாதம் முழுக்கப் பார்த்தார். ஒரு மொடலில் திரை நல்லது, பற்றரி கூடாது. இன்னொன்றில் பற்றரி நல்லது, விசிறி இரைகிறது. மூன்றாவதில் எல்லாம் நல்லது, ஆகவே ஏதோ சூது இருக்கிறது. ஜூனில் பரீட்சை முடிந்தது. பிள்ளை வந்து கேட்டது. தைவானில் புதுசு காட்டுகிறார்கள், அவசரப்படாதை என்றார். ஜூலையில் தன் பகுதிநேரச் சம்பளத்தில் தானே வாங்கட்டுமா என்று கேட்டது. "வீண் வேலை பிள்ளை, விலை விழப்போகுது" என்று தடுத்துவிட்டார். விலை விழுந்ததா? மெமரிக்குத் தட்டுப்பாடு, எல்லாம் ஏறப்போகிறது என்று அதே வீடியோக்காரர்கள் ஒப்பாரி வைக்கத் தொடங்கினார்கள். அப்போதாவது வாங்கினாரா? ஏறினது எப்படியும் இறங்கத்தானே வேண்டும், இறங்கும்வரை இருப்போம் என்றார். இந்த மனிசனை என்ன செய்வது, சொல்லுங்கள்!

ஓகஸ்டில் கடவுள் ஒரு வழி விட்டார். விம்பிள்டனில் ராம்கி என்று ஒருவர், சென்னைப் பக்கத்து ஆள், தன்னுடைய ஹான்ட்ஹெல்டை விற்கப்போவதாகத் தெரியவந்தது. தகப்பனும் மகளும் புறப்பட்டார்கள். விம்பிள்டன் பிள்ளையாரைக் கும்பிடும் சாட்டில் நானும் ஒட்டிக்கொண்டேன். ஏர்ள்ஸ் கோர்ட்டில் மாறி டிஸ்ட்ரிக்ட் லைனில் போகும்போது கம்சிகா வாய் ஓயாமல் கதைத்தது. எந்தப் பாத்திரத்தை யார் எடுப்பது, யார் முன்னால் போவது, அப்பா எந்த இடத்தில் கட்டாயம் விழுவார் என்றெல்லாம் தகப்பனைச் சீண்டிக்கொண்டே வந்தது. அண்ணை அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருசம்.

ராம்கியின் வீட்டில் கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"எடுத்துக்கோங்கண்ணா. வாங்கி மூணு மாசம்கூட யூஸ் பண்ணல. இவன் வந்தப்புறம் எங்க விளையாடுறது?"

கம்சிகா அதைக் கையில் வாங்கி, சுவிட்சைப் போட்டுப் பார்த்தது. முகமெல்லாம் வெளிச்சம். "அப்பா, இது காணும் அப்பா, இதே போதும்" என்றது. அண்ணை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். திருப்பினார். பொடி எழுத்தை வாசித்தார். குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"இது போன தலைமுறைச் சிப் எல்லே?"

"ஆமாண்ணா. ஆனா நல்லா ஓடும்."

"ஓடும், ஓடும். ஆனா ஒக்டோபரில அடுத்தது வருது. அதோட இதின்ர விலை பாதியாப் போயிடும். நான் யோசிச்சுச் சொல்லுறன்."

"அண்ணா, கோச்சுக்காதீங்க, வாங்கத்தான வந்தீங்க?"

"சும்மா ஒருக்காப் பாப்பமெண்டு வந்தனாங்கள்."

திரும்பி வரும்போது, புட்னி பிரிட்ஜ் தாண்டுமுன்பே கம்சிகா காதில் இயர்போனைச் செருகிக்கொண்டது. அண்ணை என் பக்கம் சாய்ந்து, "நல்ல காலம், தப்பிச்சம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடுத்த ஸ்டேசனில் இறக்கிவிட்டிருப்பேன், மகள் பக்கத்தில் இருந்ததால் விட்டேன்.

செப்டெம்பர் வந்தது. பிள்ளைக்கு ஸ்கொட்லாந்தில், டண்டீ யூனியில் இடம். ரைஸ் குக்கர், மிளகாய்த்தூள், குவில்ட், ஒரு முருகன் படம் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார்கள். வந்த பிறகு அண்ணை மகளின் அறைக் கதவைச் சாத்தவேயில்லை என்று மனைவி என்னிடம் சொன்னார்.

நவம்பரில் ஒருநாள் எனக்கு அழைப்பு. "உடன வா, வந்திட்டுது!" ஓடிப் போனேன். நம்புங்கள், வாங்கியேவிட்டார்! புத்தம்புது மொடல், திறமான சிப், ஆளுக்கொன்றாகக் கையில் பிடித்து விளையாட இரண்டு கொன்ட்ரோலர், டிவியில் கொழுவ வயர் எல்லாம் மேசையில். மே மாதத்தில் இருந்த விலையைவிடக் கூடத்தான் கொடுத்தார் என்று மனைவி கண்ணால் காட்டினார். அண்ணை அதைக் கவனிக்கவில்லை. கலியாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார். டண்டீக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டார்.

"பிள்ளை, வாங்கிட்டன்!"

"என்னத்தை அப்பா?"

அண்ணை ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அதுதான் பிள்ளை... எங்கட ஹான்ட்ஹெல்ட்."

"ஓ! வாவ். நைஸ் அப்பா."

"ரெண்டு கொன்ட்ரோலரும் வச்சிருக்கிறன். நீ கிறிஸ்மசுக்கு வந்தோண்ணை தொடங்குவம், என்ன?"

அந்தப் பக்கம் யாரோ சிரிக்கும் சத்தம், பிறகு கதவு சாத்தும் சத்தம். பிள்ளை சிரிப்பில்லாத இடத்துக்குப் போயிருக்கவேண்டும்.

"அப்பா... அந்த கேம் நான் முடிச்சிட்டன். என்ர பிளாட்டில மேனுஷா எண்டு ஒரு பிள்ளை இருக்கிறா, அவவோட. கோவிக்காதேங்கோ."

"சீ, ஏன் கோவிக்கிறன்? முடிச்சது நல்லதுதானே."

"நாங்கள் வேற ஏதும் விளையாடுவம் அப்பா. ஓகே?"

"ஓம் பிள்ளை, ஓம்."

சொல்லிவிட்டும் அண்ணை போனை வைக்கவில்லை. என்னவெல்லாமோ கேட்டிருக்கலாம். சாப்பிட்டியோ என்று கேட்டிருக்கலாம், கதை எப்படி முடிந்தது, கடைசியில் யார் முன்னால் போனது என்று கேட்டிருக்கலாம். அந்தப் பாவி மனிசன் கேட்ட கேள்வி:

"அவ வச்சிருக்கிறது எந்த மொடல்?"

"தெரியேல்லை அப்பா. ஏதோ பழசு. ஒரு மூலை வெடிச்சுப்போச்சு. சார்ஜில போட்டபடிதான் விளையாடினனாங்கள்."

"அப்ப பற்றரி சரியில்லை," என்றார் அண்ணை. மேசையிலிருந்த ஒரு கொன்ட்ரோலரை எடுத்துப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். மனைவி எழுந்து குசினிக்குள் போனார். எனக்கு அந்த மனிசனைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை, வந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

'ஐயோ பாவம்' என்று தலையாட்டுகிறீர்கள். நல்ல காலம் நாங்கள் இப்படியில்லை என்ற திருப்தியும் அதில் கொஞ்சம் இருக்கிறது, மறைக்காதீர்கள். ஹான்ட்ஹெல்ட் என்றால் என்னவென்றே உங்களுக்குத் தெரியாது, உங்களுக்கு இந்த நோய் எங்கே வரும்? சரி. ஊருக்குப் போக டிக்கெட் விலை இறங்கட்டும் என்று யாரும் உங்கள் வீட்டில் சொன்னதில்லை. வட்டி குறையட்டும், குசினியைப் பிறகு மாற்றுவோம் என்று சொன்னதில்லை. உங்களிடம் சண்டை பிடித்துக்கொண்டுபோன தம்பி முதலில் போன் எடுக்கட்டும் என்று நீங்கள் காத்திருக்கவில்லை. எல்லாம் சரி, நம்புகிறேன்.

ஆனால் சற்றுமுன், இதில் பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த அறையிலிருந்து ஒருவர் உங்களைக் கூப்பிட்டார். தலையை நிமிர்த்தாமலே, 'இந்தா வாறன், இதை முடிச்சிட்டு' என்றீர்கள். இதோ முடிந்துவிட்டது. கூப்பிட்டவர் இன்னும் அங்கே நிற்கிறாரா என்று போய்ப் பாருங்கள்.