சாகும்வரை, மதியச் சாப்பாட்டுடன்

கத்தோலிக்கர்களை நம்பிச் சாகும்வரை உண்ணாவிரதம் அறிவிக்கக் கூடாது. நானும் அந்தக் கூட்டத்தில் பிறந்தவள் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின எங்கள் தபசுகால நோன்புக்கு ஒருசந்தி என்று பெயர். காலையில் சும்மா இருக்க வேண்டும், மதியம் வயிறாரச் சாப்பிடலாம், பொழுது சாயும்போது கொஞ்சம் கஞ்சி குடிக்கலாம். இறைச்சிதான் ஆகாது. மீனும் கருவாடும் தாராளமாக ஆகும். பிறந்ததிலிருந்து இப்படியே பழகிவிட்டதால், உலகத்தில் எல்லோரும் பட்டினி கிடப்பது இப்படித்தான் என்று எங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இது விளங்கியது ஒரு புதன்கிழமை மதியம், தோட்டத்து ஆபீஸ் வாசலில், மேனேஜர் துரையின் முன்னால். அப்போது என் வாயில் சோறு இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இலங்கையில், யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். எனக்கு இருபத்திரண்டு வயது; ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வருவதற்குள் நாட்டைத் திருத்திவிடும் அவசரத்தில் இருந்தேன். எங்கள் மாதா கோயிலில் நீதி சமாதானக் குழு என்று ஒன்று இருந்தது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தலைவர், பெக்டரியில் மெஷின் பார்க்கும் அருளப்பன் அண்ணன். சமையலுக்குத் தெரேசாக்கா. பேச்சுக்கு நான். (மற்றவர்கள் கூட்டம் முடிந்து தேத்தண்ணி வரும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார்கள்.)

விஷயம் என்னவோ விளையாட்டில்லை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் மேல் லயத்துக்குப் பின்னால், மலையில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. முந்தின மழைக்குக் கை நுழையும் அகலம். அந்த வருஷம் அந்த லயத்துப் புஷ்பம் அக்காவின் கோழி அதற்குள் விழுந்து, கத்திக் கத்தி ஓய்ந்தே போனது. புஷ்பம் அக்கா அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். மழைக்காலத்தில்தான் பிள்ளை பிறக்க வேண்டும். மழை பெய்தால் அந்த லயத்துச் சனம் பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு கீழே ஓடிவந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கொட்டகையில் நிற்கும். மடுவத்துக்கு எதிரிலேயே கிளாக்கர்மார் இருந்த பழைய குவார்ட்டர்ஸ் காலியாகப் பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து விடுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. “கொழும்புல ஹெட் ஆபீஸ்ல கேட்கணும்” என்பார் துரை. யூனியனில் சொன்னால் “பார்ப்போம்” என்றார்கள். சாமியாரிடம் போனேன். “அந்தச் சனத்தோட நில்லுங்க பிள்ளை. எப்படி நிக்கிறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க” என்றார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“உண்ணாவிரதம் இருப்போம்” என்றேன் கூட்டத்தில்.

அருளப்பன் அண்ணன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “அதுக்கென்ன தங்கச்சி, தபசுகாலந்தானே. எப்படியும் இருக்கிறதுதானே. ஆபீஸ் வாசல்ல இருந்துட்டாப் போச்சு” என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறார்களே என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கோ கண் கலங்கிவிட்டது. உயிரைக் கொடுக்கும் வேதசாட்சிகள் மத்தியில் வாழ்கிறோம் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்து தெரேசாக்காவின் பழைய படுக்கை விரிப்பில் சிவப்பு மையால் எழுதினேன்: ‘மேல் லயத்தைக் காப்பாற்று! சாகும்வரை உண்ணாவிரதம்!’ சாகும்வரை என்பது என் சொந்தச் சரக்கு. யாரிடமும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை உட்கார்ந்தோம். குழுவிலிருந்து நாங்கள் நாலைந்து பேர்; அன்றைய பேரை (ஒரு நாள் சம்பளத்தைத்தான் அப்படிச் சொல்வோம்) விட்டுவிட்டு வந்த மேல் லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர். அவர்கள் எல்லோரும் இந்துக்கள். கோயில் விரதம் என்று நினைத்துத் தலை முழுகி, வாழைப்பழமும் அவித்த கடலையும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அதையும் நான் கவனிக்கவில்லை. துரை ஜீப்பில் வந்து இறங்கினார், விரிப்பைப் படித்தார். தமிழ் படிப்பார். முகம் செத்துப்போயிற்று. உள்ளே போய்க் கதவைச் சாத்தி டெலிபோனில் சிங்களத்தில் கத்துவது வாசலுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தோட்டத்து டாக்டர் ஐயா சேலைன் போத்தலோடு வந்து ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்தார். எனக்கு ஒரே பெருமை. பயந்துட்டாங்கடா!

பத்து மணி போல ஹனீபா நானாவின் வேன் வந்தது. டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம்; நானா என்றால் அண்ணன். பாண் ரொட்டியும் சாமானும் லயம் லயமாகக் கொண்டுவந்து விற்பார். அந்த வருஷம் எங்கள் தபசுகாலமும் அவர்களுடைய ரமழான் நோன்பும் ஒன்றாக வந்திருந்தன. நானா விரிப்பைப் பார்த்தார், புஷ்பம் அக்காவின் வயிற்றைப் பார்த்தார், வேனை ஓரமாக விட்டுவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீங்க ஏன் நானா?” என்றேன்.

“நான் எப்படியும் நோம்புதானே புள்ள. கடைல ஈந்தா என்ன, இங்க ஈந்தா என்ன” என்றார்.

மணி பன்னிரண்டு. மாதா கோயில் பக்கமிருந்து தெரேசாக்கா வந்தாள். தலையில் சோற்றுப் பானை. பின்னால் இரண்டு பேர் கறிச்சட்டியும் வாழையிலையுமாக. ஆளுக்கு முன்னால் வாசனை வந்தது. கருவாட்டுத் தீயல்.

“என்னக்கா இது?”

“ஒருசந்திச் சாப்பாடு, பின்னே என்ன? இறைச்சி சேர்க்கல, பயப்படாத.”

“ஐயோ அக்கா, சாகும்வரைன்னு எழுதிப் போட்டிருக்கே!”

“அது நீ எழுதினது. நேரமாச்சு, கையக் கழுவு.”

அருளப்பன் அண்ணன் ஏற்கெனவே கழுவியிருந்தார். சிலுவை அடையாளம் போட்டு, சாப்பாட்டு ஜெபம் சொல்லி, எல்லோரும் இலையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மேல் லயத்துப் பெண்கள்தான் பதறினார்கள்: “சீச்சீ, விரதத்துல கருவாடா!” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்து, மடியை அவிழ்த்து வாழைப்பழத்தை உரித்தார்கள். ஆக, இரண்டு மதமும் சாப்பிட்டது. நான் எழுந்து நின்று கத்தினேன். கத்துவதற்குத் திறந்த வாயில் தெரேசாக்கா ஒரு கவளத்தைத் திணித்தாள். முந்தின நாள் ராத்திரியிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. அவள் திணித்தது முதல் கவளத்தை மட்டும்தான். இரண்டாவதை நானே எடுத்தேன்.

அப்போது துரை வெளியே வந்தார்.

விரிப்பைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மே மொகத?” என்றார் மெதுவாக. இது என்ன என்று கேட்கிறார். போராட்டத்தின் பேச்சாளர் நான்தானே. பதில் சொல்லப் பார்த்தேன். சோறுதான் வெளியே வந்தது. அருளப்பன் அண்ணன் மரியாதை தெரிந்தவர். பாதியில் எழுந்து, எச்சில் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “துரையும் ஒரு வாய் சாப்பிடலாமுங்க” என்றார்.

துரை டாக்டர் ஐயா பக்கம் திரும்பினார். “சேலைன் வேணாம், கொண்டுபோங்க. வெத்திலை இருந்தா இவங்களுக்குக் குடுங்க.”

டாக்டர் ஐயா சிரித்தார். கிளாக்கர்மார் ஜன்னலில் நின்று சிரித்தார்கள். பெக்டரி வரைக்கும் சிரிப்புப் போயிற்று. அப்போதே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். (பிளந்த பூமி மேல் லயத்தில்தான் இருந்தது. அதற்காகத்தானே வந்தோம்!) புஷ்பம் அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கிட்ட வந்து, “அப்ப அந்த வீடு இனி கிடைக்காதா தங்கச்சி?” என்று மட்டும் கேட்டாள். நான், கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவின் பின்னால் போய் அழுதேன். எங்கள் ஆட்கள் இலையை எடுத்துப் போட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

நாலு மணிக்கு மேல் வானம் கறுத்தது. இடி இடித்து, ஊற்றத் தொடங்கியது. மேல் லயத்துச் சனம் வழக்கம்போல மூட்டையும் பிள்ளைகளுமாக மடுவத்துக்கு ஓடிவந்தது. நானும் அங்கே போய் ஒரு மூலையில் ஒதுங்கினேன். பார்த்தால், ஆபீஸ் வாசலில் ஹனீபா நானா மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேல் ஒரு சீனிச் சாக்கு. பக்கத்தில் என் விரிப்பு. சிவப்பு மை கரைந்து ஓடுகிறது.

வீட்டுக்குப் போகக் குடையோடு வந்த துரை நின்றுவிட்டார். “நானா, நீங்களுமா?”

“காலைலேந்து தண்ணியும் குடிக்கல்ல தொரை. இன்னங் கொஞ்சத்துல நோம்பு தொறக்கோணும், தொழவும் வேணும். இந்த மழைல எங்க போற? அந்தப் பூட்டின ஊட்டக் கொஞ்சம் தொறந்து தந்தா பெரிய உதவி.”

துரை மலையைப் பார்த்தார். மடுவத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்காமல் இல்லை. எங்களுக்குக் கொடுத்தால் மானம் போகும். நோன்பு பிடித்த மனுஷனுக்கு மழையில் ஒரு கூரை இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? பியோனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுக்கச் சொன்னார். “தொழுது முடிச்சதும் பூட்டிச் சாவியைக் குடுங்க” என்றார். “ஹரி தொரை” என்று சிங்களத்தில் சரி சொன்னார் நானா.

நானா உள்ளே போனார். உள்ளே ஒரே தூசியும் வௌவால் எச்சமும். “தொழுற இடமாச்சே, கூட்டிக் குடுப்போம்” என்று புஷ்பம் அக்கா விளக்குமாற்றோடு போனாள். அவளுக்குப் பின்னால் அவள் மூட்டை போனது. பிறகு மற்ற மூட்டைகளும் போயின. தெரேசாக்கா ஒருசந்தி முறைப்படி மாலைக் கஞ்சியோடு குடை பிடித்து வந்து சேர்ந்தாள். (அவளுடைய நோன்பு யாருக்காகவும் நிற்காது.) நானா சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கஞ்சிக் கோப்பையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“கருவாடு போட்டீக்கா?”

“வெறுங் கஞ்சி நானா. குடிங்க.”

ஒரு அறையில் நானா தொழுதார். மற்ற அறைகளில் சனம் பாய் விரித்தது. மழை விட்டதும் நானா கதவைப் பூட்டாமல், சாவியையும் திருப்பிக் கொடுக்காமல், வேனை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் குவார்ட்டர்ஸ் கூரையிலிருந்து அடுப்புப் புகை போனது. துரை ஜீப்பை நிறுத்தி வாசலில் வந்து நின்றார். கயிற்றில் பிள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டுப் புஷ்பம் அக்காவிடம் கேட்டார்: “நானா இன்னும் தொழுது முடிக்கலையா?”

“இன்னும் இல்லீங்க தொரை” என்றாள் புஷ்பம் அக்கா.

துரை தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். ஹெட் ஆபீஸுக்கு என்ன சொன்னாரோ, தெரியாது.

வைகாசி மழையில் மலை இறங்கியது. மேல் லயத்தில் புஷ்பம் அக்காவின் காம்பரா இருந்த இடத்தில் ஒரு பாறை வந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு குவார்ட்டர்ஸில், நானா தொழுத அறையில், அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்திருந்தது. செல்வராணி என்று பெயர் வைத்தார்கள்.

எனக்குக் கிடைத்த பெயர் வேறு. ஸ்டெல்லா என்றால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ‘சாகும்வரை’ என்றால் தெரியும். பெண் பார்க்க வந்தவர்களிடம் தெரேசாக்கா முழுக்கதையையும் சொல்லி, “பிள்ளை நல்லாச் சாப்பிடுவா” என்று முடித்தாள். என் கணவர் இன்றைக்கும் மதியம் பன்னிரண்டு மணிக்கு என்னைப் பார்த்து, “கையக் கழுவு” என்கிறார்.

தோட்டத்தில் துரைமார் மாறிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் குவார்ட்டர்ஸ் வாசலில் ஜீப்பை நிறுத்தி, இங்கே இருக்க யார் அனுமதி கொடுத்தது என்று கேட்பார்கள். ஒருமுறை நான் போயிருந்தபோதும் ஒருவர் வந்து கேட்டார். செல்வராணிக்கு அப்போது பத்து வயதுக்கு மேல் இருக்கும். ஹனீபா நானா மௌத்தாகி, அவரை அடக்கம் செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“நானா இன்னும் தொழுது முடிக்கலைங்க” என்றாள்.