நானே சொன்னாலும் விடாதீர்கள்

கோவில்பதாகை,
ஞாயிறு காலை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை சரவணக்குமார் அவர்களுக்கு மாமனார் கோதண்டம் எழுதுவது. இங்கு நானும் கமலமும் சுகம். புனேயில் நீங்களும் சௌம்யாவும் சுகமாக இருக்க மாசிலாமணீஸ்வரரை வேண்டுகிறேன். உங்கள் காரும் சுகம். இதை முதலிலேயே எழுதிவிட்டதால், இனி வருவதை நீங்கள் பதறாமல் படிக்கலாம். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நீங்கள் நடுவில் "அப்புறம்?" என்று கேட்டாலே எனக்கு வரிசை தப்பிவிடும்.

பக்கத்துக் காலி மனையில் காரை நிறுத்திவிட்டு, பாலிசியையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அதை நான் முழுவதும் படித்தேன். வண்டியைப் பாதுகாக்க உரிமையாளர் தக்க அக்கறை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திருட்டுப் போனாலும் இழப்பீடு கிடைக்காமல் போகலாம் என்று ஓரிடத்தில் இருந்தது. எவ்வளவு அக்கறை தக்க அக்கறை என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனபின் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவன் நான். அந்த நேரம் பார்த்து ஏரிக்கரைத் தெருவில் ஒரு லோடு வேன் காணாமல் போனது. ஸ்டீயரிங்குக்குப் பூட்டு வாங்கினேன். சக்கரத்தைத் தென்னை மரத்தோடு சங்கிலியால் கட்டினேன். அப்படியும் தூக்கம் வராததால் தெருக்காரர்களைக் கூட்டி, "யார் இந்தக் காரைத் தொட்டாலும் விடாதீர்கள். மாப்பிள்ளை அனுப்பினார் என்றாலும் விடாதீர்கள். நானே வந்து விடச் சொன்னாலும் விடாதீர்கள், என்னை மிரட்டிச் சொல்ல வைத்திருப்பார்கள்" என்று கேட்டுக்கொண்டேன்.

இதற்கிடையில், பாலிசியில் நீங்கள் கொடுத்திருந்த என் நம்பருக்கு, உங்கள் காப்பீடு முடியப்போகிறது, இந்த லிங்கைத் தொடுங்கள் என்று தினமும் மெசேஜ் வந்தது. எந்த லிங்கையும் தொடாதீர்கள், தெரியாத நம்பரை எடுக்காதீர்கள் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள் அல்லவா? எல்லாவற்றையும் பெருமையோடு அழித்தேன். அவை உண்மையான மெசேஜ்கள். முடிவு தேதி பாலிசியின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதில் பெயரும் முகவரியும்தானே என்று அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். காப்பீடு காலாவதியாகிவிட்டது. இனிச் சட்டப்படி காரைத் தெருவில் இறக்க முடியாது, களவு போனால் காலணா வராது. ஆவடி ஆபீசுக்கு ஓடினேன். ஒருவர் நேரில் வந்து வண்டியைப் பார்த்தால்தான் புதுப் பாலிசி என்றார்கள்.

வியாழக்கிழமை சபீனா என்ற பெண் வருவார் என்றும் அங்கேயே சொன்னார்கள். திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்கே போய் அழைத்து வருவதுதான் மரியாதை என்று குடையோடு போய் நின்றேன். அந்தப் பெண் ஸ்கூட்டியில் நேராக வீட்டுப் பக்கம் போய்விட்டார். வழி கேட்க எனக்கு விடாமல் போன் செய்திருக்கிறார்; தெரியாத நம்பர், ஒவ்வொரு முறையும் கட் செய்தேன். அவரே விசாரித்துக் காலி மனைக்குப் போய்க் கார் கவரைத் தூக்கியிருக்கிறார். எதிரே இட்லிக் கடை போட்டிருக்கும் எல்லம்மா கரண்டியோடு வந்துவிட்டார்.

"இன்னாம்மா, பட்டப்பகல்ல கவர தூக்கி இன்னா பாத்துகினு கீற?"

"இன்சூரன்ஸ்ல இருந்து வரேம்மா. கோதண்டம் சார்தான் வரச் சொன்னாரு."

"அப்டித்தான் சொல்லுவாங்கன்னு அவுரே சொல்லிக்கீறாரு. குந்து."

"கார்ட பாருங்க."

"என் தம்பி மவன் கல்யாணப் பத்திரிகையே அடிக்கிறான். கார்டு அடிக்க மாட்டானா?"

நான் வந்து சேர்ந்தபோது சபீனா நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்கூட்டி சாவி எல்லம்மாவின் இடுப்பில். "விட்டுடுங்கம்மா, நான்தான் வரச் சொன்னேன்" என்றேன். சுற்றி நின்ற தெருக்காரர்கள் யாரும் வழிவிடவில்லை. வெல்டிங் கடை டில்லிபாபு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாரு நடுங்குறாரு பாரு. மெரட்டிக்கீறாங்க."

"நான் எப்பவுமே இப்படித்தாம்பா நடுங்குவேன்."

"நீங்களே சொன்னாலும் உடக்கூடாதுன்னு சொன்னது யாரு சார்? அந்த சாரு சொன்னத கேக்கறதா, இந்த சாரு சொல்றத கேக்கறதா?"

எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. கடைசியில் கமலம் வாசலுக்கு வந்து, "அட, அந்தப் பொண்ண விடுங்கப்பா" என்றாள். உடனே சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார் எல்லம்மா. "அம்மா சொன்னா செல்லும். அவங்கள பத்தி சாரு ஒண்ணியும் சொல்லல."

சபீனா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. காரைச் சுற்றிப் படம் எடுத்தார். எந்தப் பக்கம் எடுத்தாலும் தெருக்காரர்கள் யாராவது உள்ளே நின்றார்கள். "சார், உங்க காருக்கு எதுக்கு இன்சூரன்ஸ்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். நேற்று புதுப் பாலிசி வந்துவிட்டது. முதல் பக்கத்தை மட்டும் பலமுறை படித்தேன். பிறகு வீடு வீடாகப் போய், என் பழைய உத்தரவு ரத்து என்று சொன்னேன். எல்லம்மா தலையை மட்டும் ஆட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே கவலைக்கு இடமில்லை. அவசரப்பட்டு வர வேண்டாம். இன்று காலைகூட ஏதோ தெரியாத நம்பர் விடாமல் அடித்தது. நான் எடுப்பேனா? கமலம் கொரட்டூரில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், மாலையில்தான் வருவாள். அவள் ஆசியையும் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன். இருவரும் நீடூழி வாழ்க.

அன்பு மாமனார்,
கோதண்டம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், வெளியே சத்தம். கார் கவரைத் தூக்கிய தாடிக்காரர் ஒருவரை எல்லம்மா உட்கார வைத்திருக்கிறார். "ரத்துன்னு சொன்னேனேம்மா" என்றேன். "யாரோ மெரட்டி சொல்ல வச்சிக்கீறாங்கன்னு நெனச்சேன் சார்" என்கிறார். ஜன்னல் வழியாகவே இன்னொரு முறை உற்றுப் பார்த்தேன். தாடி புதிது, மூக்கு உங்களுடையது. காலையில் நான் கட் செய்தது உங்கள் புது நம்பராம். நான் சொன்னால் செல்லாது என்பது உங்களுக்கு இப்போது தெரியும். ஆகவே இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் எல்லம்மா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். கமலம் வரும்வரை நிதானமாகப் படியுங்கள். இட்லிக்கு வடகறி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்று நன்றாக வந்திருக்கிறதாம்.