பெர்னல் குன்றில் முப்பால் கேக் ஏறிய படலம்

வாழி, ரோசால்பா சமோரா! மாவுப்புழுதி படிந்த முன்கையினள், வெண்ணெய் மணக்கும் கூந்தலினள், மிஷன் வீதி முடுக்கிலே தன் பெயரால் புதிதாய்க் கேக்கடை திறந்து, கனலும் அடுப்பின் வாய்க்கு நாளும் நேர்நின்ற தீரத்தினள், எதிர்வரும் லாரிக்கும் இமையாதவள், ஹாரன் என்னும் வெற்றிச்சங்கின் மேல் வைத்த கையை எடுத்தறியாதவள்! அவள் சான்பிரான்சிஸ்கோ மாநகரின் செங்குத்துச் சந்தொன்றிலே புரிந்த பெரும்போரை உரைக்கப் புகுந்தேன். செம்மையும் மஞ்சளும் பசுமையுமாய் முக்கண் கொண்டு நாற்சந்தி காக்கும் கம்பத்துக் கடவுளே, என் நாவுக்குப் பச்சை காட்டுக!

செப்டம்பர் வெயில் அந்நகரத்தார்க்குப் பழக்கமில்லாத பெருஞ்சினத்தோடு காய்ந்த பிற்பகலிலே, குன்றின் உச்சிவீட்டிற் பதினைந்து வயது நிறைவதைத் தம் குலவழக்கப்படி பெருவிழாவாய்க் கொண்டாடும் சியோமாரா என்னும் சிறுமி, இளஞ்சிவப்புப் பாவாடை மூன்று நாற்காலியை மூடிப் பரவ, உற்றாரும் உறவினரும் சூழக் காத்திருந்தாள். அவளுக்கென முப்பாலில் ஊறி மூவடுக்காய் எழுந்து வெண்ணுரைக் கிரீம் போர்த்த பெருங்கேக்கொன்று, ரோசால்பாவின் பழைய வேனுக்குள்ளே புதுமணப்பெண் போல் நாணிக் குலுங்கி ஏறிக்கொண்டிருந்தது. கடை திறந்தபின் அவள் கைக்கு வந்த முதற் பெரிய கேக் அது. அது சரிந்தால் அவள் பெயரும் கூடச் சரியும் என்பதை அவள் அறிவாள்; ஆதலால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உளம் நடுங்கினாள்.

அந்தோ! இருமருங்கும் கார்கள் நெருங்கி நிற்க, ஒரு வண்டி மட்டுமே நுழையத்தக்க அச்சந்தின் நடுவிலே, மேலிருந்து இறங்கிற்று ஒரு வெண்தேர். ஓட்டுநர் இருக்கையிற் காற்றை அமர்த்தி, உச்சியிற் சுழலும் கண்மகுடம் தரித்து, எண்டிசையும் ஒருங்கே நோக்குவதாய், குடித்தறியாததாய், உறங்கியறியாததாய், கைபேசியைக் குனிந்து பாராததாய், எவர் தாயையும் இழுத்து வைதறியாததாய் விளங்கும் அத்தானியங்கி டாக்ஸி, அவளைக் கண்டமாத்திரத்தே மூக்குக்கு மூக்கு நேராக நின்றது. நின்றதென்றால் நின்றதுதான்! பாதுகாப்பே ஓருருவெடுத்தாற்போல, நகராமை என்னும் ஒரு பிழை தவிர வேறு பிழைகள் யாவையும் செய்ய அஞ்சியதுபோல, அசைவற நின்றது.

ஹாரன் முழங்கிற்று. குன்று எதிரொலித்தது. தேர் அசையவில்லை.

வேனினின்று குதித்திறங்கி, இடுப்பிற் கைவைத்து, அவ்வீராங்கனை முழங்கினாள்: "ஏய் தகரடப்பா! மேல ஏறுற வண்டிக்குத்தான் வழின்னு உனக்கு எவனும் சொல்லித் தரலையா? எடு பின்னால!"

தேர் தேன்குரலில் திருவாய் மலர்ந்தது: "உங்கள் பாதுகாப்பே எங்கள் முதற்கடமை. பாதை தெளியும் வரை காத்திருக்கிறோம்."

"பாதையில நிக்கிறதே நீதாண்டா!"

இவ்வாறு சொற்போர் முற்றுகையில், எதிர்மாடிச் சன்னலில் முழங்கையூன்றி நின்ற, ரோசால்பாவுக்கு முன்பே பழக்கமான பெவர்லி என்னும் மாது, போருக்குப் போகாமலே படைநடத்தும் பெருந்தளபதி போல் ஆணையிட்டாள்: "அது கூட என்னடி பேச்சு? அந்தா கிடக்கு பாரு ஆரஞ்சு கோனு, தூக்கி அது மூஞ்சில வை! வழிக்கு வரும்!"

தெரு தோண்டியோர் விட்டுச்சென்ற அக்கூம்பாயுதத்தை இருகையால் ஏந்தி, ரோசால்பா தேரின் நெற்றியிற் சார்த்தினாள். அந்தக் கணமே, கூம்பைக் கடத்தற்கரிய தடையெனக் கண்டு, பின்னோக்கி ஒரு முழம் நகரத் துணிந்திருந்த சக்கரங்களும் விறைத்தன. விளக்குகள் யாவும் மிளிர்ந்து மிளிர்ந்து சரணடைந்தன. வெற்றி! ஆயின் வென்றவளுக்கும் வழியில்லை.

"பெவர்லி! இது செத்தே போச்சு!"

"நான் என்ன கண்டேன்? எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான் வைப்பாங்க," என்று சன்னலைச் சாத்தினாள் தளபதி.

அவ்வேளை தேரின் பின்கண்ணாடி இறங்கிற்று. கருங்கண்ணாடி அணிந்த நெடியதோர் ஆண்மகன் தலைநீட்டினான்; அவன் மடியருகே மஞ்சள்நிற நாயொன்றும் தலைநீட்டிற்று. அவன் வெண்டெல், பார்வையற்ற வரிவக்கீல். அவனுக்கு வழிகாட்டும் அந்நாயின் பெயர் மேயர்.

"என்னம்மா ஆச்சு? ஏன் நின்னுடுச்சு?"

உள்ளே ஆளிருப்பதை எண்ணாது கூம்பேற்றிய ரோசால்பாவின் முகம் வெந்தது. "மன்னிச்சிடுங்க சார். என் கேக் உருகுது, உங்க வண்டி நகர மாட்டேங்குது. எதுக்கு சார் இந்தப் பேய்வண்டில ஏறுறீங்க?"

"நாயைப் பாத்தா டாக்ஸிக்காரங்க நிக்காமப் போயிடுறாங்கம்மா. இது ஒண்ணுதான் எனக்காக நிக்குது."

"நிக்குது சார், நல்லாவே நிக்குது! அதானே பிரச்சினை!"

வெண்டெல் வாய்விட்டுச் சிரித்தான். பின்பு மூக்கை விடைத்து, "பாலும் இலவங்கப்பட்டையும் மணக்குதே. கேக் எவ்வளவு பெருசு?" என்றான்.

"ரெண்டு ஆள் தூக்கணும்."

"ரெண்டு ஆள் இருக்கோமே."

வெண்டெல் இறங்கினான், கூம்பும் இறங்கியது. எச்சரிக்கை விளக்கு மின்ன வேன் சந்தின் நடுவே நிலைகொண்டது. கேக் வெளிவந்தது, அதன் மேலடுக்கு ஏற்கெனவே ஒருபுறம் சாய்ந்து போதையுற்ற அமைச்சனைப் போல் தள்ளாடியது. ஏற்றத்தின் மேற்புறத்தைக் குள்ளமான ரோசால்பா பின்னோக்கி நடந்தபடி ஏந்த, கீழ்ப்புறத்தை நெடியவன் மார்புயரத்தில் ஏந்த, செங்குத்துக் குன்றிலே கேக் அமர்ந்த பலகை மட்டமாய் நின்ற அற்புதத்தை என்சொல்வேன்! வெண்டெலின் முழங்கையிற் கோத்த வாரோடு மேயர் முன்னடந்தது.

"மேயர் நின்னுட்டான்! பின்னால படி இருக்கு, பாத்தும்மா!" என்று பாராதவன் எச்சரிக்க, பார்வையுள்ளவள் படியேறினாள்.

அவர்கள் பத்தடி போயிருப்பார்கள்; பயணி இறங்கியதை உணர்ந்த வெண்தேர் துயில்நீங்கி, "பயணித்ததற்கு நன்றி" என்று மொழிந்து, ஒரு காரையும் உரசாமல், ஒரு கண்ணாடியையும் தொடாமல், நாட்டியக்காரி பின்னடி வைப்பதுபோல் அச்சந்து முழுதும் பின்னோக்கியே ஏறிற்று.

"இப்ப மட்டும் வருதா உனக்கு!" என்று ரோசால்பா பல்லைக் கடித்தாள். கையிற் கேக் இல்லையேல் அன்று என்ன நடந்திருக்குமோ, யானறியேன்.

உச்சித்தெருவை அவர்கள் கடக்க நேர்ந்தபோது, அதே தேர் அங்கே நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னே ஏழெட்டு வண்டிகள் முழங்கித் திட்ட, அது மட்டும் அணுவும் அசையாமல், கேக்குக்கும் நாய்க்கும் குருடனுக்கும் பின்னோக்கி நடந்த பெண்ணுக்கும் வழிவிட்டுக் காத்திருந்தது. வாழ்நாளில் எவ்வண்டியும் தனக்கு அவ்வாறு நின்றதை ரோசால்பா கண்டதில்லை. "சரி, நல்லா இரு," என்று மனமில்லா மனத்தோடு வாழ்த்தினாள்.

சாய்ந்த மேலடுக்கைக் கண்டு சியோமாரா கைகொட்டி ஆர்ப்பரித்தாள், அது வேண்டுமென்றே செய்த புதுப்பாணி என்று மூத்தோர் தம்முள் வியந்தனர், வெண்டெல் தனக்கெனப் பெருந்துண்டொன்று வென்றான், வெற்றிமுரசம் போல் இசைப்பெட்டி அதிர்ந்தது, குன்றம் குலுங்கியது, ரோசால்பாவின் புகழ் அந்திவானம் எட்டியது.

எச்சரிக்கை விளக்கை அணைக்க மறந்ததில் வேனின் பேட்டரி தீர்ந்துபோனதால், ரோசால்பா அன்று டிரைவர் இல்லாத டாக்ஸியில் வீட்டுக்குப் போனாள்.