இயக்குநரின் நல்ல கிருமிகள்

மேதைகள் உலகத்துக்கு மூளையைத்தான் தந்திருக்கிறார்கள். தோலையே தந்தவர் எங்கள் ஆராய்ச்சி நிலைய இயக்குநர் ஒருவர்தான். அவருக்கு நான் உதவியாளன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

விஷயம் இதுதான். நம் தோலில் நல்ல கிருமிகளும் குடியிருக்கின்றன. ஆறாத புண்ணில் கெட்டவை புகுந்து கொட்டமடிக்கும். நல்லவற்றை வளர்த்து அங்கே குடியேற்றினால் கெட்டவற்றை விரட்டும், புண் ஆறும் என்பது எங்கள் ‘புரட்சி’.

புண் தயாராக இருந்தது, சர்க்கரை நோயுள்ள ஒரு தையல்காரரின் வலது பாதத்தில்.

“இந்தக் காலாலதான் சார் மிஷின் மிதிக்கிறேன். இது போனா குடும்பமே படுத்துடும்” என்றார்.

அவர் மனைவி சட்டென்று கையை நீட்டினார். “என் தோல்ல இருந்து எடுத்துக்கோங்க சார். எனக்கு எந்தக் காயமும் சீக்கிரம் ஆறிடும்.”

“என்ன படிச்சிருக்கீங்க?” என்றார் இயக்குநர்.

“ஏழாங்கிளாஸ்.”

“ஏழாங்கிளாஸ் கிருமியை மாநாட்டுல எப்படிம்மா காட்டுறது?”

உடனே ‘கிருமிக் கொடையாளர் தேர்வுக் குழு’ கூடியது. கிருமிக்கும் பட்டம், அனுபவம், பதவி வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. மூன்றும் உள்ள தோல் தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்தது.

இயக்குநரின் முன்கையில் பஞ்சை உருட்டி, அதில் ஒட்டியதைக் கண்ணாடித் தட்டில் வளர வைத்தோம். ஒன்றும் வளரவில்லை. யாருக்காவது கை கொடுத்தால் முழங்கை வரை சானிடைசர் தடவுகிறவர் அவர். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

“தட்டு காலியா இருக்கு சார்” என்றேன்.

“காலி இல்லய்யா. என் கிருமி அவ்வளவு சுத்தம், கண்ணுக்கே தெரியல. பூசுங்க!”

தட்டைக் கழுவிய வெறும் தண்ணீரைப் பயபக்தியோடு பூசி வந்தோம். மற்ற மருந்துகளால் நல்ல கிருமிகளின் மனம் நோகும் என்று இயக்குநர் அவற்றை நிறுத்திவிட்டார். பாதம் கறுத்தது. “நாத்தம் தாங்கல, ஒரு தடவை வந்து பாருங்க சார்” என்று மனைவி தினமும் வந்து அறிவியலுக்கு இடைஞ்சல் செய்தார்.

மாநாட்டுத் திரையில் இரண்டு படங்கள். ‘முன்’ என்பதில் அழுகிய பாதம், ‘பின்’ என்பதில் வழவழப்பான பாதம். அரங்கம் அதிர்ந்தது.

“ஒரு தழும்பாவது தெரியுதா?” என்று முழங்கினார் இயக்குநர்.

கடைசி வரிசையில் தையல்காரரின் மனைவி எழுந்தார். “எப்படித் தெரியும்? அது இடது காலு! வலது காலைத்தான் போன மாசமே வெட்டிட்டீங்களே!”

கைதட்டல் நின்றது. இயக்குநர் பதறவில்லை. சுத்தத்தில்தான் அவரை மிஞ்ச ஆளில்லையே. சட்டைப் பையிலிருந்து சின்னச் சானிடைசர் பாட்டிலை எடுத்து, அரங்கமே பார்க்க, நிதானமாகக் கை கழுவினார்.