அண்ணாச்சி நீட்டிய நாட்கள்

திருவனந்தபுரத்தில் காலத்தின் காதைப் பிடித்து "கொஞ்சம் நில்லும்வே" என்று நிறுத்தக்கூடிய மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஆபீஸ் சுத்துவழி அண்ணாச்சி. சிரிக்காதீர்கள். நானும் சிரித்தவன்தான்.

சாலை பஜாரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் எனக்கு அடுத்த மேஜை அவருக்கு. நாகர்கோவில்காரர். வீடு கரமனையில். ஆபீசுக்கு நடந்தே வந்துவிடலாம். அந்த மனிதர் ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கிற நேரத்துக்கு, வேட்டியெல்லாம் நனைந்து வந்து நின்றார்.

"எங்கே போயிருந்தேள் அண்ணாச்சி?"

"எங்கயும் போகல்ல சாமி. ஆபீசுக்குத்தான் வாறேன். கல்லாறு வழியா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்லாறு எங்கேயோ பொன்முடி மலையடிவாரத்தில் அல்லவா இருக்கிறது! எங்கள் மலையாளி முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சிக்கு வட்டாணோ?" என்றார். வட்டு என்றால் இங்கே கிறுக்கு. அண்ணாச்சி கோபித்துக்கொள்ளவில்லை.

"நேத்தைக்கு என்ன செஞ்சீருன்னு கேட்டா உமக்குச் சொல்லத் தெரியுமா சாமி? தெரியாது. அதுக்கு முந்தின நாளும் அப்படித்தான். ஒண்ணுபோல இருக்க நாளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே நாளாயிரும். புதுசா ஏதாம் செஞ்சா அந்த நாளு தனியா நிக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்."

சூட்சுமத்துக்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை நான். ஸ்ரீவராகத்தில் பிறந்து வளர்ந்து, எழுவது முதல் படுப்பது வரை கோவில் மணி மாதிரி நடக்கிறவன். ஆனால் என் பெண் வித்யா வேலைக்காக ஜெர்மனி கிளம்பும் தேதி முடிவானதும் எல்லாம் ஆட்டம் கண்டுவிட்டது. காலையில் பல் தேய்த்தால் உடனே ராத்திரி வந்துவிடுகிறது. வாரம் போன இடம் தெரியவில்லை. ஒரே பெண். எனக்குப் பயமாகவே இருந்தது. அண்ணாச்சியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"கொழந்தை போறதுக்குள்ள நாளெல்லாம் ஓடிப்போயிடறது அண்ணாச்சி. ஏதாவது பண்ண முடியுமா?"

"ஏன் முடியாது? ஞாயித்துக்கெழம சாப்பிட வாறேன்."

வந்தார். இலை போட்டதும் என் மனைவியிடம், "மாமி, மொதல்ல மோருஞ்சோறு போடுங்க. பொறவு ரசம், பொறவு சாம்பாரு. பருப்பும் நெய்யும் கடேசில போதும்" என்றார்.

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "இது என்ன அக்கிரமம்!" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே என் மனைவி மோர்ப் பாத்திரத்தோடு வந்து நிற்கிறாள்! வித்யா "அடிபொளி!" என்று கை தட்டினாள். பருப்பு சாதத்தோடு எழுந்தபோது, சாப்பாடு முடிந்ததா, இனிமேல்தான் ஆரம்பமா என்று என் வயிற்றுக்கே குழப்பம்.

அடுத்தது இன்னும் கொடுமை. ஒரு விடியற்காலையில் தன் பழைய காரில் எங்கள் மூவரையும் அள்ளிப்போட்டுக்கொண்டு விழிஞ்ஞத்துக்குப் போய், மீன் ஏலத்துக்கு நடுவில் கொண்டு நிறுத்தினார். வெங்காயம் வதக்கவே நாள் பார்க்கிற குடும்பம் எங்களுடையது! நான் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஏலக்காரர் இழுத்து இழுத்து விலை கூறியது என் மனைவிக்குப் பிடித்துப்போய்விட்டது. கச்சேரியில் ஆட்டுவது போலத் தலையை ஆட்டினாள். "சேச்சிக்கு!" என்று அவளைக் காட்டி ஒரு சத்தம். ஒரு கூடை அயிலை மீன் அவள் காலடியில் வந்து இறங்கியது.

"ஐயோ, நான் தாளம்னா போட்டேன்!" என்று அலறினாள்.

வித்யா சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூடை அண்ணாச்சி வீட்டுக்குப் போனது. வாசனை மட்டும் எங்களோடு ஸ்ரீவராகம் வந்தது.

கிளம்பும் நாளும் வந்தது. எங்கள் வீட்டுக்கும் விமான நிலையத்துக்கும் கூப்பிடு தூரம். அண்ணாச்சியின் கார்தான். பேசிக்கொண்டே போகிறோம், பார்த்தால் விமான நிலையம் பின்னால் போய்விட்டது.

"அண்ணாச்சி! ஏர்போர்ட் தாண்டிப் போயிடுத்து!"

"அதுக்குத்தான் உங்கள இம்புட்டு வெள்ளன கெளப்பினேன். சும்மா இரும்."

ஆக்குளம் காயல் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, பிளாஸ்க்கிலிருந்து எல்லோருக்கும் சாயா ஊற்றினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாங்கினேன். வித்யாதான் கேட்டாள்: "மாமா, இந்த சுத்துவழியெல்லாம் உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தா?"

அண்ணாச்சி காயலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எம் பொஞ்சாதி மக்ளே. அவ இருந்த காலமெல்லாம் ஒரே இட்லி, ஒரே பஸ்ஸு, ஒரே பேச்சு. அவ போன பொறவு உக்காந்து நெனச்சுப் பாக்கேன், ஒரே ஒரு நாளுதான் ஞாபகத்துல வருது. பஸ்ஸு கெட்டு நின்னு, ஆரல்வாய்மொழி வரைக்கும் ரெண்டுபேரும் காத்துல நடந்தோம். சேலைத் தலப்பப் பிடிக்க முடியாம சிரிச்சிக்கிட்டே வந்தா. மிச்ச நாளையெல்லாம் எவன் கொண்டுபோனான்னே தெரியல்ல."

அடுத்த மேஜையில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தும் எனக்கு இது தெரியாது. அவர் கொடுத்த அதிர்ச்சிகளிலேயே பெரியது அதுதான். வித்யா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

விமான நிலையத்துக்குத் திரும்பினோம். பெண் உள்ளே போய்விட்டாள். காரில் அவள் இடம் காலி.

"அண்ணாச்சி, எங்கேயாவது சுத்திண்டு போங்கோ. ஆத்துக்குப் போகவே பிடிக்கலை."

அவர் தலையை ஆட்டிவிட்டு, நான் அறிந்து வாழ்க்கையில் முதல்முறையாக நேர்வழியில் வண்டியை விட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"இந்த மாதிரி நேரத்த நீட்டப்பிடாது சாமி. பட்டுன்னு வீடு சேந்திரணும்" என்றார்.

அண்ணாச்சி இப்போது ரிட்டயராகிவிட்டார். எந்தக் கிழமை, எந்த வேளையில் எங்கள் வாசலில் வந்து நிற்பார் என்று சொல்ல முடியாது. மோரில் ஆரம்பிப்பாரா, பாயசத்தில் ஆரம்பிப்பாரா என்பதும் தெரியாது. ஆனால் வித்யா போன பிறகு வந்த நாட்களில் எனக்குத் தனித்தனியாக ஞாபகம் இருப்பவை, அவர் வந்த நாட்கள்தான்.