ஒற்றை 'ம்'

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தவர், போனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். 'சாயங்காலம் வர லேட்டாகும்' என்று மனைவிக்கு அனுப்பியிருந்தார். பதிலாக வந்தது ஒரே ஓர் எழுத்து.

'ம்'.

கல்லாவில் இருந்த அக்காவிடம் நீட்டினார். "அக்கா, கொஞ்சம் இதைப் பாருங்களேன்."

அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "ரெண்டு 'ம்' போட்டா சம்மதம். மூணு போட்டா கொஞ்சல். ஒத்தை 'ம்'னா... என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே!"

"அதுதான் கோபமோ என்னவோ."

அவருக்கு வியர்த்தது. மனைவியைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருமுறை மணி அடித்ததும் கட்டானது. மறுபடி கூப்பிட்டார். மறுபடி கட்.

"அவங்களுக்குப் பேசப் பிடிக்கல," என்றாள் அக்கா. " பேசாம மன்னிப்புக் கேட்டுடுங்க."

"எதுக்குன்னே தெரியாமலா?"

"தெரிஞ்சு கேட்கிற புருஷன் எங்கே இருக்கான்?"

'எல்லாம் என் தப்புதான்' என்று அனுப்பினார். 'ம்' என்று வந்தது.

"மொத்தமா சொன்னா எப்படி? பிரிச்சுச் சொல்லுங்க," என்றாள் அக்கா.

பிரித்தார். 'உன் ஸ்கூட்டரைச் சுவத்துல உரசினது நான்தான்.' 'ம்'. 'உங்கண்ணன் கொடுத்த பூச்சாடியை உடைச்சது பூனை இல்லை.' 'ம்ம்'.

"ரெண்டு வந்துடுச்சு!" என்று துள்ளினார்.

"இது சம்மத 'ம்ம்' இல்ல. 'ம்ம், மேல சொல்லு'ங்கிற 'ம்ம்'. போலீஸ் விசாரணையில இப்படித்தான் கேட்பாங்க."

இந்தப் பதற்றத்தில் ஒருவர் கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டி அனுப்பினார். வாங்கியவர் வாசலை விட்டுவிட்டு நேராகச் சுவரைப் பார்த்து நடந்தார். அவரைத் திருப்பிவிட்டு வந்து மறுபடி போனை எடுத்தார்.

மேலே சொல்லத் தப்பு எதுவும் மிச்சமில்லை. மனதில் கிடந்தது ஒன்றுதான். மெல்ல அடித்தார்:

'உங்கப்பா நம்மகூட வந்து தங்கினப்போ முணுமுணுத்தேன். பக்கவாதத்துல அவருக்குப் பேச்சு போனப்புறம்தான் தெரியுது, அவர் அதட்டல் இல்லாம வீடு வீடாவே இல்ல. வேலை இல்லாம சுத்தின எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். ஒரு நன்றிகூடச் சொன்னதில்ல. அவர்கிட்ட சொல்லிடாதே, வெக்கமா இருக்கு.'

அடுத்த லென்சைத் துடைத்து முடித்தார். பிறகு வந்தது:

'ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்'.

அக்கா எண்ணிப் பார்த்துக் கைவிட்டாள். "இவ்வளவு நீளத்தை நான் பார்த்ததே இல்ல. உடனே வீட்டுக்கு ஓடுங்க!"

ஓடினார். வீட்டில் மனைவி இல்லை. கட்டிலில் சாய்ந்திருந்த மாமனாரின் கன்னமெல்லாம் ஈரம். பக்கத்தில், அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்.

"அவ எங்கேம்மா? கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளா?"

மாமனார் இடது கையை நீட்டி மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"மேடம் போனை மறந்து வச்சுட்டு ஆபீஸ் போயிருக்காங்க சார்," என்றாள் அந்தப் பெண். "பயிற்சி நடுவுல நீங்க கூப்பிட்டதை நான்தான் கட் பண்ணேன். நீங்க அனுப்பினதையெல்லாம் படிச்சுக் காட்டினேன், ஐயாதான் வாயால சொல்லிச் சொல்லி அடிச்சார். இத்தனை மாசத்துல அவருக்கு வந்த முதல் எழுத்து! நாளைக்கு 'ஆ' பழக்கணும், அதுக்கேத்த மாதிரி பெரிய தப்பா ஏதாவது பண்ணியிருக்கீங்களா சார்?"