அமெரிக்காவுக்கு நான் கொடுத்த மூன்று நிமிடம்

வாக்கு இல்லாத மனிதனைப் போலத் தேர்தலைத் துல்லியமாகக் கணிக்க ஒருவராலும் முடியாது. 1988 வசந்தத்தில் எனக்கு உலகில் எங்குமே வாக்கு இல்லை. ஆகவே அமெரிக்காவில் ஒரு கட்சி யாரைச் சனாதிபதி வேட்பாளராக நிறுத்தப்போகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. (அந்த வேட்பாளர்களுக்கே அப்போது தெரியாது.)

டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் நாங்கள் ஐந்து பேர் ஒரு வீட்டில் இருந்தோம். ஐவருக்கும் அகதி அந்தஸ்து கிடைத்திருந்தது. ஐவரின் மனைவி பிள்ளைகளும் இலங்கையில். அவர்களைக் கூப்பிடச் சட்டம் இடம் கொடுத்தது. விண்ணப்பங்களோ கோபன்ஹேகனில் ஏதோ ஒரு மேசையை விட்டு எழும்பவில்லை. எப்போது கேட்டாலும் "பொறுங்கள்" என்றுதான் பதில். பொறுத்திருக்கிறவனுக்கு ஒரு வேலை வேண்டாமா? நாங்கள் அமெரிக்காவைப் பொறுப்பெடுத்துக்கொண்டோம்.

எங்களில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த மன்னார் அருளப்பு அண்ணை, அடர்ந்த புருவக்கார வேட்பாளரின் பக்கம். நான், அழகாகப் பேசுகிறவரின் பக்கம். என் ஆள் வென்று சனாதிபதியானால் டென்மார்க் பிரதமரைத் தொலைபேசியில் பிடித்து, "அந்த ஓல்போர்க் பெடியன்ரை மனுசியை விடுங்கோ" என்று சொல்வார் என்பது என் கணக்கு. (சிரிக்காதீர்கள். அந்த வருடம் எனக்கு இதைவிட நல்ல வழி ஒருவரும் காட்டவில்லை.)

மனைவி மேரி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, ஞாயிறு பின்னேரம் அழைப்பதாக எழுதியிருந்தாள். மூன்று நிமிட அழைப்புக்குக் காசு கட்டிப் பதிந்திருந்தாள். நான் புறப்பட்டபோது மகள் நிசா கைக்குழந்தை. "இப்ப நல்லாக் கதைக்கிறாள். உங்களுக்குச் சொல்லவெண்டு ஒரு வசனம் பாடமாக்கி வைச்சிருக்கிறாள்" என்றது கடிதம்.

மதியம் தொடக்கம் தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையை நான் விடவில்லை. மணி அடித்தது. "கொழும்பு அழைப்பு, காத்திருங்கள்" என்றார் ஒப்பரேட்டர். இந்த விஷயத்தில் நான் அனுபவசாலி. அப்படிச் சொன்னால் இணைப்பு வரப் பத்து நிமிடம் ஆகும். ரிசீவரை மடியில் வைத்தேன்.

எதிரே தொலைக்காட்சியில் அமெரிக்கா ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, உன்ரை ஆள் முடிஞ்சார்," என்றார் அருளப்பு அண்ணை.

"ஆர் முடிஞ்சது? இன்னும் எத்தினை மாநிலம் கிடக்குது!"

"கிடந்தென்ன? வாயில பேச்சு இருக்கு, பெட்டியில வாக்கு இல்லையே."

"உங்களுக்கு மீனைத் தவிர என்ன அண்ணை தெரியும்?"

"மீன் செத்ததோ உயிரோ எண்டு தெரியும். உன்ரை ஆள் செத்த மீன்."

நான் எழும்பினேன். ரிசீவரைக் கையில் பிடித்து, செங்கோல் மாதிரி ஆட்டி ஆட்டி, மாநிலம் மாநிலமாக வென்றுகொண்டு போனேன். தெற்கு முழுவதையும் பிடித்துவிட்டேன். மேற்கில் கால் வைக்கும்போது அருளப்பு அண்ணையின் முகம் மாறியது.

"தம்பி... அதுக்குள்ள ஆரோ கதைக்கினம்."

காதில் வைத்தேன். நான் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரல், என்னிடம் அல்ல, தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தது:

"அம்மா, அப்பா ஆரோடையோ சண்டை பிடிக்கிறார்."

மூன்று நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்தது.

அருளப்பு அண்ணை தொலைக்காட்சியை அணைத்தார். நான் ரிசீவரை வைக்காமல் நின்றேன். அன்று என் முறைச் சமையலையும் அவரே செய்தார்.

அவர்கள் வந்து சேர இரண்டு வருடம் எடுத்தது. விமான நிலையத்துக்கு என்னைக் காரில் கூட்டிப்போனவர் அருளப்பு அண்ணைதான். அவருடைய விண்ணப்பம் அப்போதும் அசையவில்லை. நிசா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, ஆர் வெண்டது?"

"இந்த மாமாதான்," என்றேன். அவர் எங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, முகத்தைக் காட்டாமல் முன்னுக்கு நடந்தார்.

அந்த வசனம் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நிசாவுக்கு மறந்துவிட்டது. மேரிக்கு நன்றாக ஞாபகம். வருடத்துக்கு ஒரு தடவையாவது கெஞ்சிப் பார்க்கிறேன். அவள் கறியைக் கிளறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொல்வாள்:

"அதை அமெரிக்காவிட்டைப் போய்க் கேளுங்கோ."

வீடே சிரிக்கும். நானும்தான்.